உறுதியாக நம்புகிறவர் எல்லாம் மனம் மூடியவரா?

கடவுள் உண்டா இல்லையா என்று ஒரு பேச்சு தொடங்கினால், கொஞ்ச நேரத்திலேயே அது கடவுளை விட்டுவிட்டு எதிரில் இருக்கும் ஆள் மீது தாவிவிடும். "உங்களுக்குத் திறந்த மனசே கிடையாது, எதையும் கேள்வி கேட்காமல் நம்புகிறீர்கள்" என்பார் ஒருவர். "உங்கள் நாத்திகம் மட்டும் என்ன? அதுவும் ஒரு மதம்தானே!" என்று திருப்பிக் கொடுப்பார் மற்றவர். இரண்டு பேரும் அதோடு எழுந்து போவார்கள், அவரவர் ஜெயித்துவிட்ட நினைப்பில்.

இந்தச் சண்டையில் மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன. ஒருவர் எதை நம்புகிறார்? எவ்வளவு உறுதியாக நம்புகிறார்? எதிரான சான்று வந்தால் அதை என்ன செய்கிறார்? முதல் கேள்விக்கான விடையை வைத்தே மற்ற இரண்டையும் நாம் ஊகித்துவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

## சாவியைத் தேடும் மூன்று பேர்

வீட்டுச் சாவியைக் காணோம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் தேடுகிறார்கள்.

முதலாமவர், "மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது, 99 சதவீதம் உறுதி" என்கிறார். திறந்து பார்க்கிறார், இல்லை. கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்று விளக்கை வைத்துக்கொண்டு இன்னொரு முறை துழாவுகிறார். அப்போதும் இல்லை. "சரி, இங்கே இல்லை" என்று சட்டைப் பையைத் தேடப் போகிறார்.

இரண்டாமவருக்கு அவ்வளவு உறுதி இல்லை. "இழுப்பறையில் இருக்கலாம், 60 சதவீதம்" என்று அடக்கமாகத்தான் சொல்கிறார். ஆனால் தேடிப் பார்த்துக் கிடைக்காதபோதும் அதே 60-இல் நிற்கிறார். வேறு இடத்தில் பார்க்கச் சொன்னால், "யாராவது எடுத்திருப்பார்கள், திரும்ப அங்கேயே வைப்பார்கள்" என்கிறார்.

மூன்றாமவருக்கு 100 சதவீதம். இழுப்பறையைக் கவிழ்த்துக் காட்டினாலும், "சாவி அதில்தான் இருக்கிறது, உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை" என்பார்.

இதில் யாருக்குத் திறந்த மனம்? பேச்சை மட்டும் கேட்டால் இரண்டாமவர்தான் பணிவானவராகத் தெரிவார். நடந்ததைப் பார்த்தால் முதலாமவர்தான். அவ்வளவு உறுதியோடு இருந்தவர், சான்று வந்ததும் நகர்ந்தார். அரைகுறை உறுதியோடு இருந்தவர் அசையவே இல்லை.

ஆக, நம்பிக்கையை முள் வைத்த ஓர் அளவுமானியாக நினைத்துக்கொண்டால், உறுதி என்பது இப்போது முள் எந்த எண்ணில் நிற்கிறது என்பது. மனத்திறப்பு என்பது சான்று வந்தால் அந்த முள் நகருமா என்பது. இரண்டும் வேறு வேறு.

## எவ்வளவு நகர வேண்டும்?

இதற்குக் கணக்கு இருக்கிறது. பள்ளிக் கணக்குதான், பயப்பட வேண்டாம். இழுப்பறையில் சாவி உண்மையிலேயே இருந்தால், ஒரு தேடலில் அதைத் தவறவிட 50-இல் 1 வாய்ப்பு என்று கொள்வோம். சாவி அங்கே இல்லையென்றால் கிடைக்காமல் போவது நிச்சயம். அப்படியானால் "கிடைக்கவில்லை" என்ற செய்தி, "இல்லை" என்ற பக்கத்துக்கு 50 மடங்கு ஆதரவு தருகிறது.

முதலாமவர் "இருக்கிறது" என்பதற்கு 99, "இல்லை" என்பதற்கு 1, அதாவது 99-க்கு 1 என்று தொடங்கினார். முதல் தேடலுக்குப் பிறகு 99-க்கு 50 ஆகிறது, அதாவது சுமார் 66 சதவீதம். இரண்டாவது தேடலுக்குப் பிறகு 99-க்கு 2,500, சுமார் 4 சதவீதம். இரண்டாமவர் ஒழுங்காகக் கணக்குப் போட்டிருந்தால் ஒரே தேடலில் 60-இலிருந்து சுமார் 3-க்கு வந்திருக்க வேண்டும்.

சான்றின் பலத்துக்கு ஏற்ப நம்பிக்கையை ஏற்றி இறக்கும் இந்த முறைக்குப் பேய்ஸ் விதி என்று பெயர். இதற்கு அடித்தளம் போட்ட தாமஸ் பேய்ஸ் ஒரு கிறிஸ்தவப் போதகர். அவர் இறந்த பிறகு, 1763-இல், அவருடைய நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் அந்தக் கட்டுரையை வெளியிட வழி செய்தார். பிரைஸும் போதகர்தான். மனத்தை மாற்றிக்கொள்வதற்கான கணக்கு வந்த இடம் அது என்பதை, பக்தி என்றாலே மூடிய மனம் என்று சொல்கிறவர்கள் ஒரு கணம் யோசிக்கலாம்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. முதல் தேடலுக்குப் பிறகும் முதலாமவர் 66-இல் நிற்பது பிடிவாதம் அல்ல, அவர் தொடங்கிய இடம் அப்படி. ஒரு வாதத்தைக் கேட்ட மாத்திரத்தில் பக்தர் பக்தியை விடவில்லை, நாத்திகர் கும்பிடத் தொடங்கவில்லை என்பதற்காக அவர்கள் மனம் மூடியிருக்கிறது என்று சொல்ல முடியாது. கொஞ்சம் நகர்ந்திருக்கலாம், அது வெளியே தெரியாது.

100 சதவீதத்துக்கு மட்டும் கணக்கு வேலை செய்யாது. எதிர்ப்பக்கத்தில் சுழியம் இருந்தால் அதை எதனால் பெருக்கினாலும் சுழியம்தான். அதனால்தான் புள்ளியியலாளர் டென்னிஸ் லிண்ட்லி, தர்க்கப்படி தவிர்க்க முடியாத விஷயங்களைத் தவிர வேறு எதற்கும் 0 அல்லது 100 போடாதீர்கள் என்றார். அதற்குக் கிராம்வெல் விதி என்று பெயரும் வைத்தார். இங்கிலாந்துத் தளபதி ஆலிவர் கிராம்வெல் 1650-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபைக்கு எழுதிய கடிதத்தில், நீங்கள் தவறாக இருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள் என மன்றாடியிருந்தார். அதே கிராம்வெல் அந்தத் திருச்சபைக்காரர்களோடு போருக்கும் போனார், அது வேறு கதை.

நாத்திகர் பக்கத்திலும் விவரம் தெரிந்தவர்கள் 100-ஐத் தவிர்க்கிறார்கள். உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 2006-இல் வெளியிட்ட நூலில் கடவுள் நம்பிக்கைக்கு 1 முதல் 7 வரை ஓர் அளவுகோல் போட்டார். 7 என்றால் கடவுள் இல்லவே இல்லை என்ற முழு நிச்சயம். நாத்திகத்தின் முகமாகவே பார்க்கப்படும் அவர் தமக்குப் போட்டுக்கொண்டது 6.

## எது சான்று, எது சான்றில்லை

மேலே போட்ட கணக்கின் உயிர்நாடி ஒரே இடத்தில்தான் இருக்கிறது: ஒரு பக்கம் சரி என்றால் ஒரு நிகழ்வை அதிகமாகவும், மறுபக்கம் சரி என்றால் குறைவாகவும் எதிர்பார்க்கும்படி இருக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி பொருந்தினால் அது சான்றே இல்லை.

நோயாளி பிழைத்தால் கடவுள் கருணை, இறந்தால் கடவுள் சித்தம். ஆறுதலாக இதைச் சொல்வதில் குறை காண எனக்கு மனம் வராது. ஆனால் சான்றாக எடுத்தால் இதில் ஒன்றுமில்லை, எது நடந்தாலும் முள் ஒரே இடத்தில் நிற்கும். நாத்திகர் தரப்பிலும் இதே நோய் உண்டு. ஒருவர் தமக்கு நேர்ந்ததைச் சொல்லத் தொடங்கும்போதே, முழுவதும் கேட்காமல், "தற்செயல், மனப்பிரமை" என்று முத்திரை குத்துவது. அந்த முடிவு கடைசியில் சரியாகவே இருக்கலாம். ஆனால் கேட்பதற்கு முன்பே வந்த முடிவு அது.

இதற்கு நேர்மாறான ஒரு காரியத்தைப் பாருங்கள். பிறர் செய்யும் பிரார்த்தனை நோயாளிக்கு உதவுமா என்று அமெரிக்காவின் 6 மருத்துவமனைகளில், இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2006-இல் வெளியானது. தங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா இல்லையா என்று தெரியாதவர்களில், பிரார்த்தனை செய்யப்பட்டவர்களில் 52 சதவீதத்தினருக்கும் செய்யப்படாதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் வந்தன. வித்தியாசம் ஒன்றுமில்லை. பிரார்த்தனை நடக்கிறது என்று தெரிந்தே இருந்தவர்களிடம் அது 59 சதவீதம். ஆய்வுக்குப் பெரும்பங்கு பணம் தந்தது டெம்பிள்டன் அறக்கட்டளை, சமயத்தின் மீது பரிவு கொண்ட அமைப்பு. தனக்குப் பிடித்தமான பதில் வராமல் போகக்கூடிய சோதனைக்குக் காசு கொடுத்து, வந்த பதில் வெளியாகவும் விடுவதுதான் மனத்திறப்பு.

"கடவுளைச் சோதித்துப் பார்க்கக் கூடாது" என்று சிலர் சொல்வார்கள். மதிக்கத்தக்க, பழைய சமய நிலைப்பாடுதான் அது. ஆனால் சோதனைக்கு முன்பே சொன்னாரா, பாதகமான முடிவு வந்த பிறகு சொன்னாரா என்பதைக் கவனிக்க வேண்டும். முன்பே சொன்னவர் 59-க்குப் பதிலாக 9 வந்திருந்தாலும் அதைக் கொண்டாடியிருக்கக் கூடாது.

## முள் ஏன் சிக்கிக்கொள்கிறது?

கணக்கு எளிது, மனிதர்கள்தான் சிக்கல். இதில் மூன்று காரணங்களை நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள்.

முதலாவது, உறுதிப்படுத்தல் சார்பு. நாம் ஏற்கெனவே நினைப்பதற்கு ஆதரவானதையே தேடிப் போகும் பழக்கம் இது. 1960-இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் மாணவர்களிடம் 2, 4, 6 என்ற எண்களைக் கொடுத்து, இதன் பின்னால் ஒரு விதி இருக்கிறது, நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லிக் கண்டுபிடியுங்கள் என்றார். பெரும்பாலோர் இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்தான் விதி என்று எண்ணிக்கொண்டு 8, 10, 12 போலவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றே பதில் வந்தது. உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். 1, 2, 50 என்று சொல்லியிருந்தாலே பழைய ஊகம் உடைந்திருக்கும். தங்கள் ஊகம் பொய்த்துப்போகும் இடத்தைத் தொட்டுப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை. இதில் கடவுளுக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். வெறும் எண்களுக்கே இந்த நிலைமை.

இரண்டாவது, முடிவுத் தேவை. "ஏதாவது ஒரு பதில் வந்தால் போதும், தொங்கலில் இருக்க முடியாது" என்ற தவிப்புக்கு உளவியலாளர் ஆரி குருக்லான்ஸ்கி வைத்த பெயர் இது. நேர நெருக்கடியும் களைப்பும் இரைச்சலும் இதைக் கூட்டும். நள்ளிரவு விவாதங்கள் உருப்படாமல் போவதற்கு இது ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

மூன்றாவது காரணத்துக்குப் பெயரே தேவையில்லை. கருத்தை மாற்றினால் ஆட்கள் போய்விடுவார்கள். குடும்பம், திருமணம், நட்பு, பிழைப்பு எல்லாம் ஒரு நம்பிக்கையைச் சுற்றி அமைந்திருந்தால், அதைக் கைவிடுவதற்கான விலை மிக அதிகம். பக்தர் நாத்திகராவதற்கு மட்டுமல்ல, பகுத்தறிவு இயக்கத்திலேயே வாழ்க்கையைக் கழித்தவர் கோயிலுக்குப் போகத் தொடங்கினாலும் இதே விலைதான்.

இதுவரை பார்த்ததில் எந்தக் காரணமும் ஒரு கட்சிக்கு மட்டும் சொந்தமானது அல்ல.

## எது நடந்தால் மாற்றிக்கொள்வீர்கள்?

ஆக்ஸ்ஃபோர்டில் சாக்ரடீஸ் பெயரில் ஒரு விவாதக் கழகம் இருந்தது. கிறிஸ்தவர்களும் நம்பாதவர்களும் நேருக்கு நேர் மோதிக்கொள்வதற்கென்றே அமைந்த இடம். அங்கே ஆன்டனி ஃப்ளூ என்ற இளம் நாத்திகத் தத்துவவாதி படித்த ஒரு சிறு கட்டுரை 1950-இல் அச்சேறியது. அதில் ஒரு கதை. காட்டில் ஒரு வெளியில் பூச்செடிகள். ஒருவர், "இதற்குத் தோட்டக்காரர் இருக்கிறார்" என்கிறார். காவல் இருக்கிறார்கள், யாரும் வரவில்லை. "அவர் கண்ணுக்குத் தெரியாதவர்." மின்வேலி போடுகிறார்கள், நாய்களை விடுகிறார்கள், ஒன்றும் சிக்கவில்லை. "அவரைத் தொடவோ முகரவோ முடியாது." அப்புறம் மற்றவர் கேட்கிறார்: இப்படிப்பட்ட தோட்டக்காரருக்கும், தோட்டக்காரரே இல்லை என்பதற்கும் என்ன வித்தியாசம்? நம்புகிறவர்களிடம் ஃப்ளூ வைத்த கேள்வியும் அதுதான்: என்ன நடந்தால் உங்கள் நம்பிக்கை தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்?

2014 பிப்ரவரி 4 அன்று அமெரிக்காவில், பரிணாமத்தை மறுக்கும் கென் ஹாமும் அறிவியல் பிரசாரகர் பில் நையும் மேடையேறியபோது இதே கேள்வி வந்தது. இறைவாக்கு உண்மையல்ல என்று தம்மை யாராலும் நம்பவைக்க முடியாது என்று ஹாம் சொன்னார். ஒரே ஒரு சான்று போதும், ஒரு பாறை அடுக்கின் புதைபடிவம் வேறொரு அடுக்கில் கிடைத்தாலே போதும் என்ற வகையில் பதில் தந்தார் நை.

இதைக் கேட்டதும், "பார்த்தீர்களா, ஆத்திகர்களே இப்படித்தான்" என்று எழுந்துவிடக் கூடாது. 20-ஆம் நூற்றாண்டில் பரிணாமவியலைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவரான தியோடோசியஸ் டாப்ஜான்ஸ்கி நம்பிக்கையுள்ள கிறிஸ்தவர். ஒருவருடைய மனம் ஒரு விஷயத்தில் திறந்தும் இன்னொன்றில் பூட்டியும் இருக்கும். கதவு ஆளுக்கு ஒன்று அல்ல, விஷயத்துக்கு ஒன்று.

## பாதிரியாரும் வானியலாளரும்

பேரண்டம் விரிந்துகொண்டிருக்கிறது என்று 1927-இல் கணக்குப் போட்டுக் காட்டிய ஜார்ஜ் லெமெய்த்ர் கத்தோலிக்கப் பாதிரியார். எல்லாம் ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றும் 1931-இல் சொன்னார். ஒரு பாதிரியார் "தொடக்கம்" என்று சொன்னால் சந்தேகம் வருமா வராதா? பலருக்கு வந்தது. பிரிட்டிஷ் வானியலாளர் ஃப்ரெட் ஹாய்லுக்கு அந்தக் கருத்தே பிடிக்கவில்லை. அதில் படைப்புக் கதையின் வாடை அடிப்பதாக நினைத்தார். 1949-இல் பிபிசி வானொலியில் அதற்குப் பெருவெடிப்பு என்று பெயர் வைத்தவரும் அவரே.

1951-இல் போப் 12-ஆம் பயஸ், இந்த அறிவியல் படைப்புக்குச் சாட்சி சொல்கிறது என்ற தொனியில் பேசினார். அதில் சங்கடப்பட்டவர் யார் தெரியுமா? லெமெய்த்ர்தான். தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது, நாளைக்குத் தவறென்று தெரியலாம், அதைக் கடவுளுக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்பது அவர் நிலை. தம் பக்கத்துக்குச் சாதகமாக வந்ததைக்கூட எடைபோட்டுப் பார்த்த ஆள்.

1965-இல் பேரண்டம் முழுதும் பரவியிருக்கும் நுண்ணலைக் கதிர்வீச்சு கண்டறியப்பட்டது. பெருவெடிப்புக்குப் பலமான சான்று அது. பெரும்பாலான வானியலாளர்கள் நகர்ந்தார்கள். ஹாய்ல் 2001-இல் இறக்கும் வரை பெருவெடிப்பை ஏற்கவில்லை. விண்மீன்களுக்குள் தனிமங்கள் எப்படி உருவாகின்றன என்று உலகுக்குச் சொன்ன மேதை அவர். அறிவுக்குக் குறைவில்லை, அந்த ஒரு முள் மட்டும் சிக்கிக்கொண்டது.

தனிமனிதரோடு போகாமல் ஓர் அரசே சிக்கிக்கொண்ட கதையும் உண்டு. நாத்திகத்தைக் கொள்கையாகக் கொண்ட சோவியத் ஒன்றியத்தில், லைசென்கோ என்பவரின் வேளாண் கோட்பாடு அரசியல் ஆதரவோடு அசைக்க முடியாததாகியது. அதை எதிர்த்த தாவர மரபியலாளர் நிகோலாய் வவிலோவ் 1940-இல் கைதாகி 1943-இல் சிறையில் பட்டினியால் இறந்தார். 1948-இல் மரபியலே அதிகாரபூர்வமாகத் தள்ளிவைக்கப்பட்டது. வேதம் இல்லை, கோயில் இல்லை, ஆனாலும் மறுத்துப் பேசினால் தண்டனை. சான்று என்ன சொன்னாலும் கொள்கை அசையாது என்ற இந்த நிலைக்குத்தான் வறட்டுவாதம் என்று பெயர்.

## அளந்து பார்த்தவர்கள் சொல்வது

வறட்டுவாதத்தை, ஒருவர் நம்பும் பொருளிலிருந்து பிரித்து அளக்க வேண்டும் என்று 1960-லேயே மில்டன் ரோக்கீச் என்ற உளவியலாளர் வற்புறுத்தினார். அண்மைக் காலத்தில் கவனிக்கத்தக்க ஒன்று, 2017-இல் வெளியான ஓர் ஆய்வு. பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின் நாடுகளில் 788 பேர்.

"என் கருத்தை எதுவும் மாற்றாது" என்ற வகையில் தங்களைப் பற்றித் தாங்களே சொல்வதில் கிறிஸ்தவர்கள் அதிகம், நம்பாதவர்கள் குறைவு. எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒன்றுக்கொன்று முரணான கூற்றுகளில் இரண்டிலும் ஏதோ இருக்கலாம் என்று பொறுத்துக்கொள்வதிலும், எதிராளியின் கோணத்திலிருந்து காரணங்களை எண்ணிப் பார்ப்பதிலும் நிலைமை தலைகீழ். அங்கே நாத்திகர்கள் பின்தங்கினார்கள். அறியொணாவாதிகளும் பெரும்பாலும் நாத்திகர்களைப் போலவே இருந்தார்கள். கடவுள் உண்டா இல்லையா என்று அறிந்துகொள்ள வழியில்லை என்பவர்களுக்கு அந்தப் பெயர்.

முரணைப் பொறுக்காதது எப்போதும் குறையா என்பது வாதத்துக்கு உரியது. இரண்டும் இரண்டும் ஐந்து என்பதை நான் பொறுக்க மாட்டேன். ஆனால் எதிராளியின் கோணத்தில் யோசிக்காதது குறைதான். தம்மைத் திறந்த மனத்தவர் என்று அழைத்துக்கொள்வதும் அப்படி நடந்துகொள்வதும் ஒன்றல்ல என்பதைச் சாவி தேடிய இரண்டாமவரிடமே பார்த்தோம்.

## சந்தேகத்தோடு நிற்பது

ஃப்ளூவின் கேள்விக்குப் பேசல் மிட்செல் என்ற கிறிஸ்தவத் தத்துவவாதி ஒரு பதில் சொன்னார். நம்புகிறவர் எதிர்ச்சான்றே இல்லை என்று சொல்வதில்லை. உலகில் இவ்வளவு துன்பம் இருப்பது கடவுளின் அன்புக்கு எதிரான சான்றுதான், அதன் கனம் அவரை அழுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் ஒரு மனிதரை நம்பிக் கொடுத்த வாக்கைப் போல அவர் விடாமல் நிற்கிறார். கனமே தெரியவில்லை என்றால் மட்டுமே அது வெறும் பிடிவாதம்.

எனக்கு இது பாதிப் பதிலாகத்தான் படுகிறது. எவ்வளவு கனம் சேர்ந்தால் கை தளரும் என்பது அதில் இல்லை. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாட்டை அது காட்டுகிறது: உறுதி வேறு, பற்று வேறு. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் வெளியானபோது, ஏறக்குறைய 50 ஆண்டுகள் அவர் கடவுளின் இருப்பை உணராமல் இருளில் தவித்தது தெரியவந்தது. "கடவுளை நம்பாமல் ஊரை ஏமாற்றினார்" என்று சிலர் எழுதினார்கள். முள் தள்ளாடும்போதும் ஒருவர் தம் வேலையை விடாமல் செய்ய முடியும் என்பது அவர்களுக்குப் புரியவில்லை.

சந்தேகம் மட்டுமே மனத்திறப்பு என்பதும் சரியல்ல. "இதை யாராலும் எப்போதும் அறியவே முடியாது" என்று அடித்துச் சொல்லும் அறியொணாவாதி, மூன்றாமவர் இழுப்பறையில் காட்டிய பிடிவாதத்தையே வேறு இடத்தில் காட்டுகிறார்.

## ஃப்ளூ மாறினார்

2004-இல், 81 வயதில், அதே ஆன்டனி ஃப்ளூ தாம் ஒரு வகைக் கடவுளை ஏற்பதாக அறிவித்தார். பிரார்த்தனை கேட்கும் கடவுளும் அல்ல, மறுமை தரும் கடவுளும் அல்ல. உலகின் ஒழுங்குக்குப் பின்னால் இருக்கும் ஓர் அறிவு, அவ்வளவுதான். டி.என்.ஏ.வின் சிக்கலான அமைப்பு தம் முடிவுக்கு ஒரு காரணம் என்றார். வாதம் எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போவதுதான் தம் வழக்கம் என்றும் சொன்னார்.

அரை நூற்றாண்டு அவரைப் பிடிவாதக்காரர் என்றவர்கள் ஒரே நாளில் நேர்மையாளர் என்றார்கள். அரை நூற்றாண்டு அவரைக் கூர்மையான சிந்தனையாளர் என்றவர்கள், "வயதாகிவிட்டது, யாரோ குழப்பிவிட்டார்கள்" என்றார்கள். பிறகு, உயிரற்ற பொருளிலிருந்து உயிர் எப்படி வந்திருக்கும் என்பதற்கு உருப்படியான கோட்பாடே இல்லை என்று தாம் எண்ணியது தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் கடவுள் பற்றிய முடிவை மாற்றவில்லை. 2010-இல் இறந்தார்.

அந்த ஒரு தூண் விழுந்தபோது அவருடைய முள் எவ்வளவு இறங்கியது, மீதி எதன் மேல் நின்றது என்பதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இரு தரப்பிலும் பெரும்பாலோர் தெரிந்துகொள்ள விரும்பியது, கடைசியில் அவர் யார் பக்கம் என்பதை.